மன்னார் வெயிலுக்கு ஒரு ஜீன்ஸ்

அத்தான் இறந்து ஐந்து மாதங்கள் கழிந்தபின், அக்கா முதன்முறையாகத் தனக்கென்று ஒன்றைக் கேட்டாள். அவள் கேட்டது ஒரு ஜீன்ஸ்.

சமையலறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தோம். பல்கலைக்கழக விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்திருந்தேன். வெளியே எங்கள் ஊரான கந்தப்பளையின் மலை மழை. பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கரான அப்பா இன்னும் ஆபீசிலிருந்து திரும்பவில்லை. பேசுவதற்கு எதுவும் இல்லாததால் நான் மன்னாரைப் பற்றிப் பேசினேன்.

விடுதியில் என் அறைத் தோழி மன்னார் தீவிலுள்ள பேசாலையைச் சேர்ந்தவள். மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் ஜன்னலைப் பார்த்துத் தன் ஊர் வெயிலைச் சொல்லிப் பெருமூச்சு விடுவாள். விடுமுறைக்குப் புறப்படும்போது, "உம்மட அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருமன். ஒரு கிழமை வெயிலில கிடந்தா எல்லாம் காஞ்சு போகும்" என்றாள். காய்ந்துபோக வேண்டியது எது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதையெல்லாம் நான் அக்காவிடம் சொன்னது, சொல்வதற்கு வேறொன்றும் இல்லாததால்தான். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அங்க நம்மளைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்லை."

"சரி. அப்ப போவோம். எனக்கு ஒரு ஜீன்ஸ் வேணும்."

அம்மா அகப்பையோடு திரும்பினாள். அக்கா அடுத்த பீன்ஸை எடுத்தாள்.

அக்கா அழவில்லை என்பதுதான் அந்த ஐந்து மாதங்களும் எங்கள் வீட்டின் கவலை. அத்தான் பக்கத்துத் தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்தார். காற்றும் மழையுமான மாதத்தில் நிமோனியா கண்டு, ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸ் அடுத்து வந்தவருக்குப் போனது. அக்கா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். படுக்கச் சொன்னால் படுத்தாள். ஒருமுறை சூடான கேத்தலை வெறுங்கையால் தூக்கி மேசைவரை கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளங்கை சிவந்திருப்பதைப் பிறகு அம்மா காட்டியபோதுதான் பார்த்தாள்.

என்னையும் நான் அவளிடமிருந்து பெரிதாக வேறுபடுத்திச் சொல்ல முடியாது. சாவு வீட்டில் நான் நின்றுகொண்டு, வருகிறவர்கள் எந்த வரிசையில் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஃபேக்டரி ஆட்கள், அப்புறம் ஸ்டாஃப் வீட்டார், அதற்கப்புறம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனம், கடைசியில் தோட்டத்து மானேஜரான துரையின் சார்பாக ஒரு சின்னத்துரை. அந்த வரிசை எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

ஜீன்ஸை அக்கா எங்கே கண்டாள் என்பதை அன்று படுக்கையில் சொன்னாள். போன சீசனுக்கு அத்தானும் அவளும் மலர்க் கண்காட்சி பார்க்க நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார்கள். ஏரிக்கரை ரோட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நீல ஜீன்ஸ் போட்டு நடந்து போயிருக்கிறாள். நடுவில் நின்று, குந்தி உட்கார்ந்து, சப்பாத்து நாடாவைக் கட்டியிருக்கிறாள்.

"கட்டிட்டு எந்திரிச்சா பாரு. எதையும் இழுத்து விடல, எதையும் சரி பண்ணல. சும்மா எந்திரிச்சு நடந்துட்டா. உங்க அத்தான்கிட்டச் சொன்னேன். 'உனக்கும் ஒண்ணு தைக்கலாமா'ன்னு சிரிச்சாரு."

"அதுக்காகவா கேக்குற?"

"இல்ல." என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "வெள்ளைச் சேலை கட்டினா, 'ஐயோ இந்த வயசுல'ங்குறாங்க. போன மாசம் அம்மாவோட ஊதாச் சேலையைக் கட்டிக்கிட்டுக் கோழிக்குத் தீனி போட்டேன். அதுக்கு என்ன பேச்சு வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. கால்சட்டையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கலையே."

அவள் சொன்னது சரியாக இருந்தது. பதினாறாம் நாள் காரியத்தில் புகுந்த வீட்டார் அவளுக்கு வெள்ளைச் சேலை போட்டார்கள். அதன்பின் வீட்டுக்கு வரும் எவரும் அவள் முகத்தைப் பார்க்குமுன் சேலையைத்தான் பார்த்தார்கள். கரை இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு அகலம், என்ன நிறம். பார்த்த பிறகே எந்தக் குரலில் பேசுவது என்று முடிவு செய்தார்கள். வருடத் திதி முடிந்ததும் அவளை உடப்புசல்லாவையில் தங்கள் வீட்டுக்கே கூட்டிப்போவதாக அவளுடைய மாமியார் சொல்லியிருந்தார். அங்கே பார்க்கும் கண்கள் இன்னும் அதிகம். அதற்குமுன் ஒரு வாரம், யாரும் தன்னைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொள்ளாத ஓர் இடத்தில் இருக்க வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்பா மூன்று நாள் யோசித்தார். தோழியின் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போவார் என்று நான் சொன்னதும், "போயிட்டு வரட்டும்" என்றார். ஜீன்ஸ் விஷயத்தை அம்மா அவரிடம் சொல்லவில்லை. "என்னமோ பண்ணுங்க. அங்க போயிப் போடுங்க. எங் கண்ணுல காட்டாதீங்க" என்று எங்களிடம் மட்டும் சொன்னாள்.

நுவரெலியாவில் இரண்டு கடைகளில் ஆயத்த ஜீன்ஸ் கேட்டோம். முதல் கடையில் அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே நம்பவில்லை. இரண்டாவது கடை முதலாளி, வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுவிட்டது என்று அலுத்துக்கொண்டே, மேல் தட்டிலிருந்து ஆண்களுக்கான ஒன்றை எடுத்துப் போட்டார். போட்டுப் பார்க்க இடமில்லை. அக்கா அதைச் சேலைக்கு மேல் இடுப்பில் வைத்துப் பிடித்தாள். இடுப்பில் இன்னொரு ஆளும் நுழையலாம். அதற்குக் கீழே அவள் ஒருத்தி நுழைவதே சந்தேகம். கடையிலிருந்த இரண்டு ஆண்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா பொறுமையாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பிறகுதான் தையற்கடைக்குப் போனோம். எங்கள் வீட்டு ஜாக்கெட்டுகள் எல்லாம் தைப்பது அந்தக் கடை நானாதான்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். ஒடுக்கமான கடை, முன்னால் மெஷின், பின்னால் ஒரு திரை, திரைக்குப் பின்னால் வீடு.

"வாங்க தங்கச்சி. எனத்த, ஜாக்கெட்டா?"

"ஜீன்ஸ் ஒண்ணு தைக்கணும் நானா," என்றாள் அக்கா.

"யாருக்கு?"

"எனக்கு."

நானா வாயில் கவ்வியிருந்த நூலை எடுத்தார். அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்துக்கொண்டு, முழுக்கத் தொழில் பேச்சாகவே கேட்டார்.

"அளவுக் களிசான் ஈக்கா?"

அதுதான் சிக்கல். நானா பெண்களுக்கு நாடா வைத்து அளவெடுப்பதில்லை. பொருத்தமாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதை மேசையில் விரித்து அளந்து புதியதைத் தைப்பார். எங்கள் பக்கத்தில் அதுவே வழக்கம். எந்தப் பெண்ணும் வேறுவிதமாக அளவு கொடுத்ததில்லை. ஆனால் அளவுக்குக் கொடுக்க அக்காவிடம் பழைய கால்சட்டை ஏது?

நானா சிறிது யோசித்துவிட்டுத் திரையைப் பார்த்து, "இஞ்ச கொஞ்சம் வாங்க" என்று குரல் கொடுத்தார். அவருடைய மனைவி எட்டிப் பார்த்தார். நானா நாடாவையும் ஒரு நூல் கண்டையும் மேசையில் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

உள்ளே அந்த அம்மா அக்காவை நிறுத்தி அளந்தார். இடுப்பு, அதற்குக் கீழ், தொடை, முழங்கால், கணுக்கால். எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் அளவு கடைவரைக்கும் கேட்கக் கூடாது. நூலில் முடிச்சுகள் போட்டுக்கொண்டே வந்தார்.

"எலும்புதான் ஈக்கி மகள். சாப்புடுறல்லையா?"

"சாப்புடுறேங்க."

"எனக்குப் பொய் செல்ல வாணாம். நாடா பொய் செல்லாது."

துணியை நானாவே தேர்ந்தெடுத்தார். ஃபேக்டரி மெக்கானிக்குகளுக்கு மேலங்கி தைக்கும் தடித்த நீலத் துணி. அதைவிட நெருங்கியது அந்த டவுனில் கிடைக்காது என்றார். தையல் மஞ்சள் நூலில் வர வேண்டும் என்று அக்கா சொன்னாள். ஏரிக்கரைப் பெண்ணிடம் அப்படித்தான் பார்த்திருந்தாளாம்.

அடுத்த வாரம் கிடைத்தது ஜீன்ஸ் இல்லை. இரண்டு நீலச் சாக்குகளை இடுப்பில் சேர்த்துத் தைத்தது போலிருந்தது. திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டு அக்கா தலையை மட்டும் நீட்டினாள்.

"நானா, பெருசா இருக்கே."

வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நானா, "கௌரவமா ஈக்கட்டுமேண்டுதான் கொஞ்சம் விட்டுத் தெச்ச," என்றார். "நூல்ல ஈக்கிற அளவுக்குத் தெச்சா ஒடம்போட ஒட்டும் தங்கச்சி."

"ஒட்டட்டும்."

அக்கா உள்ளே திரும்பி அவருடைய மனைவியிடம் பேசினாள். அத்தனை நீளமாக அவள் யாரிடமும் பேசி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

"எனக்கு இப்ப உடம்பு இருக்குறதே தெரியலைங்கம்மா. சூடு தெரியல, குளிரு தெரியல. எங்கயாவது இறுக்கிப் புடிச்சாத் தேவல போல இருக்கு. அளவாத் தைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

அந்த அம்மா சற்று நேரம் அவளைப் பார்த்தார். பிறகு ஊசிகளை வாயில் வைத்துக்கொண்டு மண்டியிட்டு, இரண்டு பக்கமும் துணியைப் பிடித்துப் பிடித்து ஊசி குத்தினார். இந்தத் தடவை முடிச்சு நூல் இல்லை. ஊசி குத்திய இடத்திலேயே தைக்க வேண்டும் என்று புருஷனுக்குச் சொல்லி அனுப்பினார்.

முடிந்ததை வாங்கிவர நான் மட்டும் போனேன். கடையில் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மனைவி ஜாக்கெட் துணியோடு நின்றுகொண்டிருந்தார். நானா என்னைக் கண்டதும் ஜீன்ஸை எடுத்து மடித்து, "கிளாக்கரையா வூட்டுக் களிசான் ரெடி," என்றார். அக்காவுக்கு என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒரு பெண்ணின் பெயரையும் கால்சட்டையையும் நாலுபேர் முன்னால் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று அவர் நினைத்தார். அந்த மரியாதையிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது.

கணக்கப்பிள்ளை மனைவி ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். "யாருக்கு நானா? ஐயாவுக்கா? ஐயா வயித்துக்கு இது பத்தாதே!"

"வூட்டுக்குத்தான்," என்றார் நானா.

"வீட்டுல வேற ஆம்பளை ஏது?" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பொதியைக் கட்டித் தரச் சொன்னேன். அதிகம் பேசும் வழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

நாங்கள் மன்னாருக்குப் போகிறோம் என்ற செய்தி அதற்கு முன்பே தோட்டத்தில் பரவியிருந்தது. எங்கள் மக்களுக்கு மன்னார் வெயில் காயும் இடமில்லை. தலைமன்னாரில் கப்பல் நிற்கிறது, அக்கரையில் இந்தியா. தோட்டத்திலிருந்து மன்னாருக்கு ரயில் ஏறியவர்களில் திரும்பி வந்தவர்கள் சிலர், வராதவர்கள் பலர். பிரஜாவுரிமையும் அந்த நாட்டு ஆளா இந்த நாட்டு ஆளா என்ற கேள்வியும் எல்லார் வாயிலும் இருந்த காலம். விடுமுறைக்காக மன்னார் போகிறோம் என்று சொன்னால், அதைச் சொல்லக் கூச்சப்பட்டு எதையோ மறைக்கிறோம் என்றுதான் எண்ணினார்கள்.

முதலில் வந்தவர் மேல்லயத்து அம்மா ஒருவர். கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் ஒரு பொட்டலம்.

"சின்னம்மா, துறையூருக்குப் பக்கத்துல எங்க அண்ணன் மவன் இருக்கான். இந்தத் தேயிலைய அவன் கையில சேத்துருங்க. நல்ல தூளு. 'அத்தை உசுரோடதான் இருக்கு'ன்னு சொல்லிருங்க."

"நாங்க இந்தியாவுக்குப் போகலைங்களே. மன்னாருக்குத்தான் போறோம்."

"ஆமா, கப்பலு அங்கதானே நிக்குது!"

"கப்பல்ல ஏறப் போறதில்ல. ஒரு வாரம் இருந்துட்டு வந்துருவோம்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எங்கிட்ட என்னா தாயி மறைக்கிறது? நல்ல காரியந்தானே. சின்ன வயசு. இன்னொரு எடத்துல போயிப் பொழைக்கட்டும். மாப்பிள்ளைக்குக் கால்சட்டை எல்லாம் தச்சாச்சாமே! ஒல்லியான பையனாம்ல?"

இடுப்பளவிலிருந்து மாப்பிள்ளையின் உருவம் வரை தயாராகியிருந்தது. நான் திருத்த முயன்றேன். அவர் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அடுத்தடுத்த நாட்களில் புளி கேட்டும், புகையிலை கொடுத்தும், முகவரி சொல்லியும் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தன் தம்பியைக் கண்டால் செருப்பால் அடித்துவிட்டு வரும்படி அப்பாவிடமே சொல்லிப் போனார். அம்மா பதறினாள். அக்கா பொட்டலங்களை ஓரமாக அடுக்கிவைத்தாள். அவை அவளைப் பற்றியவை என்பதே அவளுக்குப் படவில்லை போலிருந்தது.

பேச்சு பஸ் ஏறி உடப்புசல்லாவைக்கும் போய்விட்டது. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் அத்தானின் அம்மா, நாங்கள் அத்தை என்று அழைப்பவர், வந்தார்.

அவருக்கு அத்தான் ஒரே மகன். ரோட்டிலிருந்து படி ஏறி வந்த மூச்சு அடங்குமுன்பே, அம்மா கொடுத்த தண்ணீரைத் தள்ளிவைத்தார்.

"தண்ணி கிடக்கட்டும் சம்மந்தியம்மா. எந்த ஊரு மாப்பிள்ளை? அதச் சொல்லுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல..."

"எம் மகனுக்கு வருசத் திதி இன்னும் வரல. அதுக்குள்ள கப்பல் ஏத்தப் பாக்குறீங்களே. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கணக்கப்பிள்ளை வீட்டுல சொல்லி, கடைக்காரன் சொல்லி, பஸ்ஸுல எவளோ ஒருத்தி சொல்லியா எனக்குத் தெரியணும்?"

அப்பா எழுந்து, "வெயிலுக்காகத்தான் போறாங்க," என்றார். அந்த வார்த்தை அந்த அறையில் மிகவும் பலவீனமாக ஒலித்தது.

"வெயிலுக்கா! கிளாக்கரையா, நான் எழுத்து தெரியாதவ. அதுக்காக இப்படியா? வெயிலுக்குப் போறவங்களுக்குக் கால்சட்டை என்னாத்துக்கு? எங்க அது? கொண்டாங்க பாப்போம்."

அக்கா எழுந்து அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். அத்தை தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பொதியை எடுத்துவரப் போயிருக்கிறாள் என்று எண்ணியிருப்பார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

கதவு திறந்தது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மேலே என்னுடைய நீளச் சட்டை. அம்மா, "அடிப்பாவி," என்று வாயைப் பொத்தினாள். அப்பா சுவரிலிருந்த கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போலக் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

"இதுதான் அத்தை," என்றாள் அக்கா. "எனக்குத்தான் தச்சது. மாப்பிள்ளை யாருமில்லை."

அத்தை அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அதுவரை எந்தச் சேலையின் மீதும் அவ்வளவு நேரம் பார்வை விழுந்து நான் கண்டதில்லை.

"திரும்பு."

அக்கா திரும்பினாள்.

"உக்காந்தாக் கிழியாதா?"

"கிழியாது. நல்ல துணி."

"யாரு தச்சது?"

"டவுன் நானா."

"அளவாத்தான் தச்சிருக்கான் படுபாவி," என்றார் அத்தை. பிறகு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, தள்ளிவைத்த தண்ணீரை எடுத்து முழுவதையும் குடித்தார். "எம் மகன் இருந்திருந்தா இதப் போட விட்டிருப்பானா?"

"விட்டிருப்பாரு. சிரிச்சிருப்பாரு."

அத்தை அழுதது அப்போதுதான். சத்தம் போட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மாவும் அழுதாள். அக்கா அந்த நீலக் கால்சட்டையோடு அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் காய்ந்தே இருந்தன. நான் உள்ளே போய்த் தேநீர் ஊற்றினேன்; நால்வருக்கும் சரியாக இருந்தது.

தேநீர் குடித்தபின் அத்தை கேட்டார்.

"கப்பல் ஏற மாட்டேல்ல?"

"மாட்டேன் அத்தை."

"திதிக்கு வருவேல்ல?"

"வருவேன்."

"அதுக்கப்புறம் எங்கூட வந்து இருப்பியா?"

"அது தெரியலை அத்தை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தை வெகுநேரம் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அங்க போயி எப்படியோ இரு. இந்த ரோட்டுல மட்டும் இதப் போட்டுக்கிட்டு நடக்காத. நான் பஸ்ஸுல வந்து போறவ," என்றார். கடைசி பஸ்ஸுக்கு அவர் படியிறங்கியபோது அக்கா சேலைக்கு மாறி, குடை பிடித்துக்கொண்டு ரோடு வரை போய் ஏற்றிவிட்டு வந்தாள்.

நானுஓயாவில் ஏறிப் பொல்கஹவெலையில் இறங்கி, வடக்கே போகும் வண்டிக்காகக் காத்திருந்தோம். ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கம்பளிச் சட்டைகளைக் கழற்றினோம். மதவாச்சிக்குப் பிறகு மரங்கள் குட்டையாகின. பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் வண்டி நுழைந்தபோது இருபுறமும் தட்டையான வெள்ளை மணலும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் இருந்தன. மலையில்லாத வானம் அவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பெட்டியிலிருந்த மற்றவர்கள் பெரும்பாலும் கப்பலுக்குப் போகிறவர்கள். பாய்ச் சுருளும் தகரப் பெட்டியுமாக, எங்கள் பேச்சையே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேசாலையில் இறங்கியது நாங்கள் இருவர்தான்.

அக்காவைப் பற்றி எதையும் வீட்டில் சொல்ல வேண்டாமென்று தோழியிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளுடைய அம்மா அக்காவைக் கலியாணமாகாத மூத்த பெண்ணாகவே எடுத்துக்கொண்டு, மீன் குழம்பை மேலும் மேலும் ஊற்றினார். ஜீன்ஸைக் கண்டதும், "கொழும்பில இப்ப உதுதானே எல்லாரும்," என்று தானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். யாரும் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கா காலையிலும் மாலையிலும் கடற்கரையில் நடந்தாள். நான் சற்றுப் பின்னால் நடந்தேன். வெயில் கழுத்தில் எரிந்தது. அவளுக்கு எரிந்ததா என்று கேட்கவில்லை. இரவில் ஜீன்ஸைக் கழற்றியதும் இடுப்பில் பதிந்திருந்த தையல் தடத்தை விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

கேட்டது கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அதில் அவள் முகம் மாறவில்லை. மாறும் என்று எதிர்பார்த்தவள் நான்தான் போலும்.

திரும்புவதற்கு முந்தின நாள், கரையோரம் ஒரு பெண் பாய்களில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா போய் அருகில் நின்றாள். அவர் மீன்களைப் புரட்டியபடியே பேச்சுக் கொடுத்தார்.

"எங்கயிருந்து பிள்ளை? கொழும்போ?"

"இல்லைங்க. கந்தப்பளை. தேயிலைத் தோட்டம்."

"தோட்டத்துப் பெட்டையள் களிசானோ போடுறவை?" என்று அவர் சிரித்தார்.

"போட மாட்டாங்க. நான் மட்டுந்தான்."

"அது நல்லாத்தான் கிடக்கு. கலியாணம் முடிச்சாச்சோ?"

அக்கா "இல்லை" என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடிகிற இடத்துக்காகத்தான் இத்தனை தூரம் வந்திருந்தோம். சொன்னால் அதை மறுக்க அந்தக் கரையில் ஒருவரும் இல்லை.

"முடிச்சாச்சு," என்றாள் அக்கா. "அவரு செத்துட்டாருங்க."

அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் நாங்கள் எல்லாரும் 'அது நடந்தப்ப' என்றுதான் சொல்லிவந்தோம்.

அந்தப் பெண்ணின் கை நிற்கவில்லை.

"கடலோ?"

"இல்லைங்க. காய்ச்சல்."

"என்ர மனுசன் கடல்." அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். குரல் சற்றுமுன் இருந்தபடியே இருந்தது. "கொஞ்சம் விலகி நில்லும் பிள்ளை. கருவாட்டில நிழல் விழுகுது."

"எந்தப் பக்கம் நிக்கட்டும்?"

அவர் மோவாயால் காட்டினார். அக்கா அந்தப் பக்கம் போய் நின்றாள். நானும் போய் நின்றேன்.